கடகடா வரும் நேரம்

ஜனவரி 9

அன்புத் தம்பிக்கு,

நாங்கள் நால்வரும் இங்கே சௌக்கியம். உன் இருமல் விட்டதா? லிஃப்ட் பழுது பார்க்கக் குழிக்குள் இறங்கும்போது மூக்கைத் துணியால் கட்டிக்கொள் என்று எத்தனை தடவை சொல்வது உனக்கு?

நீ அனுப்பிய விளையாட்டுப் பெட்டி வந்து சேர்ந்தது. பிள்ளைகளைச் சுற்றி உட்கார வைத்துக்கொண்டு பெரிய ஆரவாரத்தோடு திறந்தால், தூக்கிவாரிப் போட்டது எனக்கு. பலகையும் இல்லை, காயும் இல்லை. ஒரு விதிப் புத்தகம், கொஞ்சம் வெற்றுத் தாள், பிறகு பகடைகள். பகடையாவது பகடை மாதிரி இருக்கிறதா? ஒன்றுக்கு நாலு முகம், ஒன்றுக்கு எட்டு, ஒன்றுக்கு இருபது. “மாமா பாதிய வழியிலயே தொலைச்சிட்டாரு போல” என்றான் பொடியன். ஆறு வயதில் அவனுக்கு வந்த சந்தேகம்தான் எனக்கும். ஒன்பது வயதில் உலகத்தையே திருத்தப் புறப்பட்டிருக்கும் நம் வாத்தியாரம்மாதான் புத்தகத்தைப் படித்துவிட்டு, “இது கதை சொல்ற வெளையாட்டும்மா. நாமளே வேற ஆளா மாறிக் கதைக்குள்ள போகணும்” என்றாள்.

உன் அத்தானைத்தான் உனக்குத் தெரியுமே. கண்ணாடிக் கடையில் நாள் முழுக்க லென்ஸ் தேய்க்கிற மனுஷன், வீட்டுக்கு வந்தும் எதையாவது துடைத்துக்கொண்டே இருப்பார். இருபது முகப் பகடையைத் துடைத்து, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, பத்திரமாகக் கீழே வைத்தார். அவ்வளவுதான் அவர் கருத்து.

சலவைக்கூடத்தில் இஸ்திரிப் பிரிவுக்கு என்னை மேற்பார்வையாளராகப் போட்டதிலிருந்து மூச்சுவிட நேரமில்லை. ஆஸ்பத்திரி விரிப்புகள் மலை மலையாக வருகின்றன. உருளை மெஷின்கள் போடும் சத்தத்தில் பக்கத்தில் நிற்பவளுக்கும் கத்தித்தான் சொல்ல வேண்டும். மிச்சம் இருப்பது ஞாயிற்றுக்கிழமை ஒன்றுதான். அன்றைக்கு விளையாடலாம் என்றிருக்கிறோம். கதையை நான்தான் நடத்தப் போகிறேன். இந்த வீட்டில் வேறு யாருக்குத் தொண்டை இருக்கிறது?

எப்படி ஆரம்பிப்பது என்று விவரமாக எழுது. போன் பண்ணாதே. போனில் “சரிக்கா, சரிக்கா” என்பதைத் தவிர உன்னிடமிருந்து ஒரு வார்த்தை வருவதில்லை. எழுதினால்தான் உனக்கு வாய் வருகிறது.

அன்புடன்,
அக்கா

ஜனவரி 21

அன்புள்ள அக்கா,

இருமல் குறைந்திருக்கிறது. துணி கட்டிக்கொண்டுதான் இறங்குகிறேன். உனக்குத் தலைவலி வராமல் இருக்கிறதா? அத்தான் எப்படி இருக்கிறார்?

நான் எதையும் தொலைக்கவில்லை என்று பொடியனிடம் சொல். சனிக்கிழமைகளில் இங்கே நூலகத்தில் அக்கம்பக்கத்துப் பிள்ளைகளுக்கு இந்த விளையாட்டைத்தான் நடத்துகிறேன். விதிப் புத்தகத்தை மூடி வைத்துவிடு, சின்னப் பிள்ளைகளுக்கு அத்தனை விதி வேண்டாம். ஒருவர் கதையை நடத்துவார், மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரம். “கதவு பூட்டியிருக்கு, என்ன பண்றே?” என்று நீ கேட்பாய். மனதில் பட்டதை அவர்கள் சொல்வார்கள். அது நடக்குமா நடக்காதா என்று சந்தேகம் வந்தால் இருபது முகப் பகடை. பத்துக்கு மேல் விழுந்தால் நடந்தது. யார் என்ன சொன்னாலும் முடியாது என்று சொல்லாதே, உருட்டிப் பார் என்று சொல்.

இன்னொன்று. இது புத்தகத்தில் இல்லை, நானாக வைத்துக்கொண்ட வழக்கம். அரக்கனை நீ உண்டாக்காதே. பிள்ளைகளே உண்டாக்கட்டும். எப்போது வரும், வந்து என்ன செய்யும், எதற்குக் கோபப்படும், எப்போது போகும் என்று அவர்களையே கேள். அவர்கள் சொன்னதை அப்படியே வைத்து நடத்து. நீயாக ஒன்றும் சேர்க்காதே. தாங்களே செய்த அரக்கன் என்றால் பிள்ளைகள் அளவுக்கு மீறிப் பயப்படுவதில்லை.

முதல் ஆட்டம் எப்படிப் போனது என்று உடனே எழுது. காத்திருப்பேன்.

பாசத்துடன்,
தம்பி

பிப்ரவரி 4

அன்புத் தம்பிக்கு,

சௌக்கியம், சௌக்கியம். தலைவலி கிடக்கட்டும், அதைப் பற்றி எழுத இப்போது நேரமில்லை. விளையாடிவிட்டோம்! ஆடிப் போய்விட்டேன் நான்.

சாப்பாட்டு மேசையைச் சுற்றி உட்கார்ந்தோம். வாத்தியாரம்மா வைத்தியச்சி. கையில் மருந்துப் பை, எல்லாப் பூட்டுக்கும் சாவி. உன் அத்தான் கோட்டைக் காவல்காரர். கேட்டால் “நான் கதவ பாத்துக்கிறேன்” என்கிறார். கதைக்குள் போயும் அந்த மனுஷனுக்குத் துணிச்சலாக ஒரு வேலை கிடைக்கவில்லை! பொடியன் என்ன சக்தி கேட்டான் தெரியுமா? பறப்பது, நெருப்புக் கக்குவது எதுவும் வேண்டாமாம். நினைத்த நேரத்தில் கடுகளவு சின்னதாகிவிட வேண்டுமாம். “வேற ஒண்ணும் வேணாமாடா?” என்றேன். “அது போதும்மா” என்றான்.

பிறகு நீ சொன்னபடி அரக்கனைப் பற்றிக் கேட்டேன். இரண்டும் காதோடு காதாகக் கிசுகிசுத்துவிட்டுச் சொன்னதைக் கேள். பேர் கடகடா. பல் கிடையாது, கொம்பு கிடையாது, யாரையும் தின்னாது. இருட்டுவதற்குச் சற்று முன்னால் வரும். வந்ததும் கேள்வி கேட்கும். எந்தப் பதில் சொன்னாலும் தப்பு, சொல்லாமல் இருந்தாலும் தப்பு. கேட்கக் கேட்கச் சத்தம் பெரிதாகும். சத்தம் பெரிதாக ஆக அதுவும் பெரிதாகி, கடைசியில் தலை கூரையில் போய் இடிக்கும். கையில் கிடைத்ததை எறியும். அப்புறம் களைத்துப் போய்த் தானே உட்கார்ந்து அழும்.

வாயைப் பிளந்துவிட்டேன். டிவியில்கூட இப்படி ஒன்றை நான் பார்த்ததில்லை. எங்கிருந்துதான் வருகிறதோ இந்தக் கற்பனை! நம் வீட்டில் யாருக்கும் கிடையாது, உன்னைச் சொல்லலாம்.

அப்புறம் குரல் கொடுத்தேன் பார். சலவைக்கூடத்துத் தொண்டை அல்லவா? “யாரு என் வாசல்ல நின்னது? ஏன் நின்னீங்க? வாயத் தெச்சு வெச்சிருக்கீங்களா?” என்று மேசையில் ஓங்கி ஒரு தட்டு. உன் அத்தான் கையிலிருந்த பகடை விழுந்து எங்கோ உருண்டு ஓடிவிட்டது. வைத்தியச்சியின் முகத்தில் ரத்தமே இல்லை. பொடியன் சரேலென்று மேசைக்கு அடியில் புகுந்தவன்தான், ஆட்டம் முடிந்தும் வெளியே வரவில்லை. நாடகத்தில் நடித்துப் பேர் வாங்க வேண்டியவள், இஸ்திரி மெஷினோடு காலம் தள்ளுகிறேன்.

உடம்பைப் பார்த்துக்கொள்.

அன்புடன்,
அக்கா

பிப்ரவரி 13

அன்புள்ள அக்கா,

நான் நலம். நீ சரியாகத் தூங்குகிறாயா?

கேட்கிறேன் என்று தப்பாக எடுத்துக்கொள்ளாதே. பொடியன் மேசைக்கு அடியில் போனது கதையிலா, நிஜத்திலா?

அடுத்த வாரம் அத்தானைக் கதை நடத்தச் சொல்லேன். வாரம் முழுக்கக் கத்துகிறாய், ஞாயிற்றுக்கிழமையாவது தொண்டைக்கு ஓய்வு கொடு. கடகடாவையும் கொஞ்ச நாள் வேறெங்காவது அனுப்பிவிடலாம். ஆற்றைக் கடப்பது, காணாமல் போன ஆட்டுக்குட்டியைத் தேடுவது என்று எத்தனையோ கதை இருக்கிறது.

வேலை உனக்கு ரொம்ப அதிகமோ என்று தோன்றுகிறது. பிள்ளைகளுக்கு என் முத்தங்கள்.

பாசத்துடன்,
தம்பி

மார்ச் 2

தம்பிக்கு,

இங்கே எல்லோரும் சௌக்கியம். நீயும் சௌக்கியமாகத்தான் இருப்பாய். அங்கே உட்கார்ந்து எனக்குப் புத்தி சொல்கிற அளவுக்கு.

கதையிலா நிஜத்திலா என்று ஒரு கேள்வி! மேசை நிஜம்தானே, அதற்கு அடியில் நிஜமாகத்தான் போக முடியும். உனக்குப் பொறாமை என்று நேராகச் சொல்லிவிடு. நூலகத்தில் உன் பிள்ளைகள் கொட்டாவி விடுகிறார்கள், என் பிள்ளைகள் மூச்சைப் பிடித்துக்கொண்டு கேட்கிறார்கள். ஆட்டுக்குட்டியைத் தேட வேண்டுமாம்! உன் அத்தானிடமும் கேட்டுப் பார்த்தேன். “நீயே நடத்து, வம்பு வேணாம்” என்றார். என்ன வம்பு என்று கேட்டால் தட்டைத் துடைக்கப் போய்விட்டார்.

ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். இவர்கள் சண்டையே போடுவதில்லை. கத்தி கொடுத்தேன், வில் கொடுத்தேன், நெருப்புப் பந்தம் கொடுத்தேன், தொட்டுக்கூடப் பார்க்கவில்லை. கடகடா வரும் நேரம் ஆனதும் கதைக்குள் வேறு வேலை நடக்கிறது பார், என் பிரிவில் இருக்கிற பெண்களுக்கு அதில் பாதி ஒழுங்கு இருந்தால் போதும். செருப்புகளை வரிசையாக வைக்கிறார்கள். சிரித்துக்கொண்டிருந்தால் நிறுத்திவிடுகிறார்கள். டம்ளரில் தண்ணீர் ஊற்றி மேசை ஓரத்தில் வைக்கிறார்கள். வைத்தியச்சி ஜன்னல் வழியாக அதன் கைப்பையைப் பார்க்கிறாள். பை தோளில் மாட்டியிருந்தால் பரவாயில்லையாம், கையில் தொங்கினால் ஆபத்தாம். “அரக்கனுக்கு எதுக்குடி கைப்பை?” என்று கேட்டு விழுந்து விழுந்து சிரித்தேன். அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. “அதுக்கு வேணும்” என்றாள்.

இப்படிப் பயந்தாங்கொள்ளிகளாக வளர்ந்தால் நாளைக்கு எப்படிப் பிழைப்பார்கள்? வரும் ஞாயிறு கொன்றே தீர வேண்டும் என்று முடிவு பண்ணிவிட்டேன். கோட்டை வாசலில் ஒரு பாழுங்கிணறு வைத்திருக்கிறேன். அதில் கடகடாவை விழவைத்துவிடுவேன். மேலிருந்து கல்லைத் தள்ள வேண்டியது மட்டும்தான் அவர்கள் வேலை.

கோபத்தில் எழுதினாலும் அன்பு குறையாது என்று உனக்குத் தெரியும்.

அக்கா

மார்ச் 7

அக்கா,

இது ஞாயிற்றுக்கிழமைக்குள் உன் கைக்கு வருமா என்று தெரியவில்லை. கொல்ல வைக்காதே. தயவுசெய்து. கிணறு வேண்டாம். ஏன் என்று பிறகு எழுதுகிறேன்.

நேற்று சாயங்காலம் உன் போன் அடித்திருக்கும். நீ “யாரு? வாயத் தொறந்து பேசுங்க!” என்றாய். பேசாமல் வைத்தது நான்தான்.

தம்பி

மார்ச் 17

தம்பி,

நலம் விசாரிக்கிற நிலையில் நான் இல்லை. உன் கடிதம் செவ்வாய்க்கிழமை வந்தது. ஞாயிறு முடிந்துபோயிருந்தது.

கடகடாவைக் கிணற்றில் விழவைத்தேன். உள்ளேயிருந்து அது கூச்சல் போடுவதாகக் கூச்சலும் போட்டேன். “கல்லத் தள்ளணும், உருட்டுங்க” என்றேன். ஒருவரும் பகடையைத் தொடவில்லை. எனக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. “இவ்ளோ தூரம் வந்துட்டு என்னடி யோசனை? தள்ளு!” என்று அதட்டினேன். வாத்தியாரம்மா பகடையை எடுத்தாள். எடுத்து உள்ளங்கைக்குள் மூடிக்கொண்டாள். தலையைக் குனிந்தபடி, “வேணாம்மா. அதக் கொன்னுட்டா காலைல எனக்கு யாரு தல வாரி விடுவா?” என்றாள்.

நான் சிரித்தேன், தம்பி. முதலில் சிரித்துத் தொலைத்தேன். “கடகடாவா உனக்குத் தல வாருது?” என்று கேட்டேன். பொடியன், எனக்கு இதுகூடத் தெரியவில்லையே என்கிற முகத்தோடு சொன்னான்: “காலைல அது அம்மாவா இருக்கும்ல.”

சுற்றிலும் பார்த்தேன். என் கைப்பை நாற்காலியில் தொங்கிக்கொண்டிருந்தது. மேசை ஓரத்தில் டம்ளரில் தண்ணீர் இருந்தது. தினமும்தான் இருக்கிறது. பிள்ளைகளுக்கு என்மேல் எத்தனை பாசம் என்று சலவைக்கூடத்தில் பெருமையடித்துக்கொண்டிருக்கிறேன். அவர்கள் உண்டாக்கிய அரக்கனுக்கு நானே குரல் கொடுத்து, நானே மேசையைத் தட்டி, நடிப்பு பிரமாதம் என்று உனக்கு எழுதவும் எழுதினேனே. எங்கே போய் முட்டிக்கொள்வது?

பிள்ளைகளை விளையாட அனுப்பிவிட்டு உன் அத்தானைச் சமையலறையில் பிடித்துக்கொண்டேன். “உங்களுக்குத் தெரியுமா?” என்றேன்.

“மொத நாளே தெரியும்.”

“அப்ப ஏன் ஒரு வார்த்த சொல்லல?”

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே சொன்னார்: “உனக்கும் தெரியும்னுதான் நெனச்சேன். தெரிஞ்சேதான் வெளையாடுறே, கொழந்தைங்க மனசுல இருக்கிறத வெளிய கொண்டு வர்றேன்னு நெனச்சேன். பரவாயில்லையே, இவளுக்கு இவ்ளோ தைரியமான்னுகூடத் தோணுச்சு.”

அந்த மேசையில் என்னைத் தவிர எல்லோருக்கும் தெரிந்திருக்கிறது. நான் அடிக்கிறவள் இல்லை, உனக்கே தெரியும். கை ஓங்கியிருக்கிறேன். தட்டை எறிந்திருக்கிறேன், சுவரில்தான் பட்டது. பிறகு அழுதுமிருக்கிறேன். வேலையில் ஒரு நாள் நின்று பார்த்தால் தெரியும் எனக்கு ஏன் கோபம் வருகிறதென்று. ஆனால் இதையெல்லாம் ஒன்பது வயதுப் பெண்ணிடம் சொல்ல முடியவில்லை.

ஒன்று மட்டும் எனக்குப் புரியவில்லை. பக்கத்தில் இருந்த எனக்குத் தெரியாதது, அவ்வளவு தூரத்தில் இருக்கிற உனக்கு எப்படித் தெரிந்தது?

அக்கா

மார்ச் 29

அன்புள்ள அக்கா,

நீ சாப்பிடுகிறாயா? முதலில் அதைச் செய்.

உடனே செய்ய வேண்டியதை மட்டும் எழுதுகிறேன். பிள்ளைகள் முன்னால் அழுது மன்னிப்புக் கேட்காதே. அழுதால் உன்னைத் தேற்றுவதும் அவர்கள் வேலையாகிவிடும். இனிமேல் கத்தவே மாட்டேன் என்று சத்தியம் பண்ணாதே. வேலை விட்டு வந்ததும் வாசலுக்கு வெளியே கொஞ்ச நேரம் நின்றுவிட்டு உள்ளே போ. முக்கியமாக, விளையாட்டை நிறுத்தாதே. நிறுத்தினால், அன்றைக்கு அவள் சொன்னதுதான் தப்பு என்று நினைத்துக்கொள்வாள்.

இங்கே விடாமல் மழை. லிஃப்ட் குழிகளில் தண்ணீர் தேங்கி மோட்டார்கள் கெட்டுப் போகின்றன. ஒரு பழைய கட்டடத்தில் கேபிளையே மாற்ற வேண்டியதாயிற்று. கை கொஞ்சம் சிராய்த்துவிட்டது, பெரிதாக ஒன்றுமில்லை. நூலகத்தில் புது நாற்காலிகள் போட்டிருக்கிறார்கள்.

உடம்பைப் பார்த்துக்கொள்.

பாசத்துடன்,
தம்பி

ஏப்ரல் 14

அன்புத் தம்பிக்கு,

கைச் சிராய்ப்பு ஆறிவிட்டதா? மருந்து போட்டுக் கட்டு, அழுக்குக் கையோடு விட்டுவிடாதே.

நீ சொன்னபடி வாசலில் நின்று பார்த்தேன். ஜன்னல் திரை லேசாக விலகி மூடிக்கொண்டது. உள்ளே போய், பூப்போல, “என்ன பண்றீங்க ரெண்டு பேரும்?” என்று கேட்டேன். பொடியன் ஓடிப்போய் இரண்டாவது டம்ளரில் தண்ணீர் கொண்டு வந்து வைத்தான். நான் மெதுவாகப் பேசினால் அவர்களுக்கு இன்னும் பயமாக இருக்கிறது. பெரிதாக ஏதோ வரப்போகிறதாம். இதற்கு நான் என்ன செய்ய, சொல்.

விளையாட்டை நிறுத்தாதே என்றாய். நிறுத்திவிட்டேன். பெட்டியை அலமாரி உச்சியில் போட்டுவிட்டேன். அந்த மேசையில் மறுபடி உட்கார எனக்குத் தெம்பில்லை.

உன் கடிதத்தைத் திருப்பித் திருப்பிப் படித்தேன். மழை இருக்கிறது, மோட்டார் இருக்கிறது, நாற்காலி இருக்கிறது. நான் கேட்டதற்கு மட்டும் பதில் இல்லை. அம்மா ஆலைக்குப் போன காலத்தில் உன்னைப் பார்த்துக்கொண்டவள் நான். எனக்கு ஞாபகம் இருப்பதெல்லாம் உனக்குச் சோறு ஊட்டியது, சட்டைக்குப் பொத்தான் தைத்தது, காய்ச்சலில் தூக்கிக்கொண்டு ஓடியது. துணி அலமாரிக்குள் போய் ஒளிந்து ஒளிந்து விளையாடுவாய், அதுவும் ஞாபகம் இருக்கிறது. நேற்றுதான் தோன்றியது: நான் உன்னைத் தேடி விளையாடியதாக ஒரு நாள்கூட ஞாபகம் இல்லையே. பிறகு யாரோடுடா விளையாடினாய்?

இதற்காவது பதில் எழுது.

அக்கா

ஜூன் 20

அன்புள்ள அக்கா,

உன் கடிதத்துக்கு இத்தனை நாள் பதில் போடாததற்குக் கோபித்துக்கொள்ளாதே. கை ஆறிவிட்டது.

எழுதாமல் இல்லை. எழுதி எழுதிக் கிழித்தேன். உன்மேல் எனக்குக் கோபமே இல்லை என்று எழுதினால் பாதிதான் உண்மை. நீ சோறு ஊட்டியது உண்மை, தூக்கிக்கொண்டு ஓடியது உண்மை. அலமாரியும் உண்மை. இதற்கு மேல் இப்போது எனக்கு வராது.

பெட்டியைக் கீழே எடு. இந்தத் தடவை வாத்தியாரம்மா கதையை நடத்தட்டும். நீ ஒரு பாத்திரமாக உட்கார். பலசாலி வேண்டாம், சின்ன ஆளாக எடுத்துக்கொள். அவள் சொல்வதைத் திருத்தாதே, குறுக்கே பேசாதே. என்ன வந்தாலும் ஆட்டம் முடியும்வரை எழுந்து போகாதே.

நான் போன் பண்ணுகிறேன், ஒரு நாள். நீயே பேசிக்கொண்டிரு, நான் கேட்கிறேன்.

பாசத்துடன்,
தம்பி

ஜூலை 8

அன்புத் தம்பிக்கு,

நீ நலமா? இதுவரை வழக்கத்துக்காகக் கேட்டுக்கொண்டிருந்தேன். இப்போது தெரிந்துகொள்ளத்தான் கேட்கிறேன். அலமாரியைப் பற்றி நீ எழுதிய அந்த ஒரு வரியை வேலைக்கும் கொண்டு போகிறேன், வீட்டுக்கும் கொண்டு வருகிறேன். உனக்கு எப்போது வருமோ அப்போது மிச்சத்தை எழுது. வராவிட்டாலும் சரி.

நேற்று விளையாடினோம். பெட்டியைக் கீழே இறக்கியதும் இரண்டும் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டன. “நீ நடத்தும்மா, நான் வெறும் ஆளா வர்றேன்” என்று வாத்தியாரம்மாவிடம் சொன்னேன். என்னை நம்பாமல் அப்பாவைப் பார்த்தாள். அவர் தலையாட்டிய பிறகுதான் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். நான் வழி தவறி வந்த ஒரு சின்னப் பெண். கோட்டைக்குள் ஒண்டிக்கொள்ள இடம் கேட்டேன். கொடுத்தார்கள். உன் அத்தான் கதவைத் திறந்துவிட்டார்.

கடகடா கிணற்றிலிருந்து தானே ஏறி வந்துவிட்டதாம். அதற்கு யார் குரல் கொடுப்பது என்று கேட்டேன். “நான்!” என்று பொடியன் நாற்காலிமேல் ஏறி நின்றான்.

தம்பி, அந்தக் குழந்தை வாயிலிருந்து வந்ததை எப்படி எழுதுவேன்? இடுப்பில் கை வைத்துக்கொண்டான். நெற்றியைச் சுருக்கினான். “நான் ஒருத்தி எவ்ளோதான் பாக்கிறது? என்னப் பாத்தா எப்படித் தெரியுது உங்களுக்கு? வாயத் தொறந்து சொல்லு!” என்றான். ஒரு எழுத்து மாறவில்லை. என் மூச்சிரைப்புகூட அப்படியே இருந்தது. அவன் நடிக்கிறான் என்று எனக்குத் தெரியும். ஆனாலும் நாற்காலியோடு பின்னால் நகர்ந்துவிட்டேன். ஒளிந்துகொள்கிறேன் என்று பகடையை உருட்டினேன், மூன்று விழுந்தது. “ஒளிய முடியல, அது உன்னப் பாத்துடுச்சு” என்றாள் வாத்தியாரம்மா. “தெரியாம பண்ணிட்டேன்” என்றேன் கடகடாவிடம். “தெரியாம பண்ணா சரியாயிடுமா?” என்றது. “மன்னிச்சிடு” என்றேன். “மன்னிப்பு கேட்டா ஆச்சா?” என்றது. எல்லாக் கதவையும் அடைத்துவிட்ட மாதிரி இருந்தது. நாற்பது வயதில், என் வீட்டுச் சாப்பாட்டு மேசையில், ஆறு வயதுப் பிள்ளை முன்னால் நிஜமாகவே மேசைக்கு அடியில் இடம் தேடினேன்.

அப்போது வாத்தியாரம்மா எழுந்து என் பக்கத்தில் வந்தாள். கதை சொல்கிற குரலை விட்டுவிட்டு, காதோடு சொன்னாள்: “பதில் சொல்லாதம்மா, சொன்னா பெருசாகும். தரையப் பாத்துக்கிட்டு மனசுக்குள்ள பதினாறாம் வாய்ப்பாடு சொல்லு. அது கஷ்டம். யோசிச்சுட்டே இருந்தா சத்தம் கேக்காது. முடியறதுக்குள்ள போயிடும்.”

அவளைக் கட்டிக்கொண்டு கதற வேண்டும் போலிருந்தது. நீ எழுதியதை நினைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்தேன். தரையைப் பார்த்தேன். பதினாறு, முப்பத்திரண்டு, நாற்பத்தெட்டு என்று ஆரம்பித்தேன். பாதியிலேயே மறந்துவிட்டது. தலைக்கு மேலே பொடியன் கத்திக்கொண்டிருந்தான். அவள் என் கையைப் பிடித்துக்கொண்டு, விட்ட இடத்திலிருந்து எடுத்துக் கொடுத்தாள். ஒரு இடத்தில்கூடத் தடுமாறாமல் கடைசிவரை சொன்னாள். அவள் வகுப்பில் இன்னும் பன்னிரண்டாம் வாய்ப்பாடே ஆரம்பிக்கவில்லை.

அக்கா